பட்டியலில் மூன்றாவது பெயர்

2024 ஆகஸ்ட் 10, சனிக்கிழமை, காலை மணி பதினொன்று இருபது. வானத்தில் மேகம் இல்லை. கடல் காற்று இன்னும் ஏறவில்லை. கொட்டகைக்குள் மாட்டியிருந்த வெப்பமானி முப்பத்தொன்பது காட்டியது. மணியைச் சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன். ஒருத்தன் அலறும்போது உங்களுக்கு மணி எதற்கு என்று பிறகு என் மனைவி கேட்டாள். பார்த்தேன், அவ்வளவுதான்.

நான் முப்பத்து நான்கு வருஷம் அரசாங்க ஆபீசில் கணக்குப் பிரிவில் இருந்தவன். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் மாமல்லபுரத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவே, ரோட்டை விட்டு இருநூறு அடி உள்ளே தள்ளி, தகரக் கூரை போட்டு ஒரு சலவைக்கூடம் ஆரம்பித்தேன். கடற்கரை ஓரத்து ரிசார்ட்டுகள் ஐந்திலிருந்து படுக்கை விரிப்பும் தலையணை உறையும் துண்டும் வரும். துவைத்து, தேய்த்து, மடித்து மறுநாள் காலை ஏழு மணிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். தண்ணீர் லாரியில் வரும், நாளைக்கு இரண்டு லோடு. நெம்மேலியில் கடலைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்புகிறார்கள். பத்து மைல் தள்ளியிருக்கும் எனக்கு லாரிதான். செங்கல்பட்டு வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் தினமும் காலை ஆறேகாலுக்குக் கிளம்புவேன்.

வேலைக்கு ஆறு பேர். துவைக்கும் இயந்திரத்தில் இருவர், ரோலரில் இருவர், மடிக்க இருவர். ரோலர் என்பது விரிப்பைத் தேய்க்கும் இயந்திரம். ஓர் ஆள் உயரத்துக்கு நீளமான இரண்டு சூடான உருளைகள் சுழன்றுகொண்டிருக்கும். ஈர விரிப்பின் ஒரு விளிம்பை இந்தப் பக்கம் ஒருவர் கொடுத்தால் அந்தப் பக்கம் மடிப்பில்லாமல், மொடமொடப்பாக வெளியே வரும். கொடுப்பவன்தான் முக்கியம். வருகைப் பதிவேட்டில் மூன்றாவது பெயராக இருந்தவன் என்னுடைய கொடுக்கும் ஆள். ஐந்தாவது பெயர் அவன் மனைவி. அவள் மடிக்கிற பிரிவு.

பத்துப் பேருக்குக் கீழே வேலை செய்கிற இடத்துக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது. வேலையில் ஒருவருக்குக் கை கால் போனால் முதலாளிதான் சட்டப்படி நஷ்ட ஈடு கட்ட வேண்டும். அந்தப் பயத்தில்தான் தொழிலாளர் நஷ்ட ஈட்டு இன்சூரன்ஸ் எடுத்தேன். அதை எடுத்துக்கொடுத்த ஏஜெண்டு நாற்பது வயதுக்காரர், சிரித்த முகம். பாரத்தை நிரப்பும்போது அவர் சொன்னது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது.

"ஆறு பேர்னு போட்டாப் போதும் சார். பேரெல்லாம் கேக்க மாட்டாங்க. ஆள் வரும், போகும். சம்பளத் தொகை மட்டும் கரெக்டா காட்டுங்க."

"பேரில்லாத பட்டியல் என்னய்யா பட்டியல்? நாளைக்கு எவனோ ஒருத்தன் வந்து நானும் இங்கதான் வேலை செஞ்சேன்னு நின்னா?"

"அப்பவும் உங்களுக்குத்தான் சார் நல்லது."

அது எனக்கு உறைக்கவில்லை. பெயர் இல்லாத எந்தப் பட்டியலையும் நான் என் சர்வீசில் கையெழுத்துப் போட்டு அனுப்பியதில்லை. ஆறு பெயர், தகப்பன் பெயர், வயது, ஆதார் நகல் எல்லாம் சேர்த்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

"இன்னா சார் நீங்க! கம்பெனிக்காரனே சும்மா கீறான், நீங்க அவனுக்கு ஆடிட் பண்ணிகினு இருக்கீங்க" என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டு போனார். பாலிசி வந்தபோது என் பட்டியல் அதோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. கீழே ஒரு வரி: இணைப்பில் கண்ட ஆறு நபர்களுக்கு மட்டும். அதைப் படித்துத் திருப்திப்பட்டேன்.

ஆடி மாதம் வந்தால் என் ஆட்கள் ஊரில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். எல்லா ஊரிலும் ஒரே நாளில் இல்லை. ஓர் ஊருக்கு முதல் ஞாயிறு, பக்கத்து ஊருக்கு இரண்டாவது, இன்னொன்றுக்கு நான்காவது. வெள்ளிக்கிழமை காப்புக் கட்டிக்கொண்டவன் ஞாயிறு கூழ் ஊற்றி முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அதனால் அவர்களுக்குள் ஒரு வழி வைத்திருந்தார்கள். இந்த வாரம் என் ஊரில் காப்பு, நீ போய் என் வேலையைப் பார். அடுத்த வாரம் உன் ஊரில், உன் வேலையை நான் பார்க்கிறேன். பெரும்பாலும் மாமன் மச்சான்களுக்குள் நடக்கும். பெண் கொடுத்து எடுத்த ஊர்கள் வேறு வேறு என்பதால் தேதியும் வேறு வேறாக இருக்கும்.

எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஆடியில் ரிசார்ட்டுகளுக்கு விடுமுறை கிடையாது. சனிக்கிழமையென்றால் நானூற்றெண்பது விரிப்புகள். மற்ற முதலாளிகள் ஆளில்லாமல் தவிக்கும்போது என் கூடத்தில் காலையில் எண்ணினால் ஆறு பேர் இருப்பார்கள். வந்தவன் யாராக இருந்தாலும் யாருக்குப் பதிலாக வந்தானோ அவன் பெயருக்கு நேரே டிக் போட்டேன். சம்பளமும் அவன் பெயரில்தான். அவர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்வார்கள். வேலைக்குத் தலையை எண்ணினேன், இன்சூரன்சுக்குப் பெயரை எண்ணினேன். இரண்டும் ஆறுதான் என்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை மூன்றாவது ஆள் காப்புக் கட்டியிருந்தான். பதிலுக்கு வந்தவன் அவன் மனைவியின் தம்பி. வயது முப்பத்து நான்கு. அதற்கு முன் நான்கு முறை வந்திருக்கிறான், வேலை தெரிந்தவன் என்றுதான் ரோலரில் நிறுத்தினேன். விரிப்பு உள்ளே போகும்போது நடுவில் ஒரு மடிப்பு விழுந்தது. பழகினவன் என்றால் போகட்டும் என்று விட்டு, மறுபடி ஒருமுறை கொடுப்பான். இவன் அதை நீவி விடப் போனான். விரிப்போடு வலது கையும் போய்விட்டது. கை பட்டால் நிற்க வேண்டிய சிவப்புக் கம்பி வேலை செய்தது; இயந்திரம் நின்றது. நிற்பதற்குள் நடந்தது நடந்துவிட்டது. உருளைகளைப் பிரித்து எடுக்க நான்கு நிமிஷம் ஆயிற்று. உருளையின் சூடு நூற்றைம்பது டிகிரி.

விரிப்புகள் போகிற வேனிலேயே அவனைப் படுக்கவைத்துக் கேளம்பாக்கம் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அக்காக்காரி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். என் மடியில் இன்சூரன்ஸ் ஃபைல் இருந்தது. கிளம்பும்போது அலமாரியிலிருந்து அதை எடுத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் பாரத்தை நீட்டினார்கள். நோயாளியின் பெயர் என்ற இடத்தில் என் கை மூன்றாவது பெயரை எழுதியது. என் கை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பேனாவைத் திறந்தபோதே எனக்குத் தெரியும், இவன் பெயர் பாலிசியில் இல்லை என்று. ஆதார் கேட்டார்கள். ஃபைலிலிருந்து மூன்றாவது ஆளின் ஆதார் நகலை எடுத்துக் கொடுத்தேன். நகலில் முகம் கரித்துணி மாதிரி இருந்தது, யாராகவும் இருக்கலாம். அவனுக்கு நல்லதைத்தான் செய்கிறேன், பணம் வந்தால் அவனுக்குத்தானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

நர்ஸ் பெண் படிவத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "உடனே ஆபரேஷன் பண்ணணும். சொந்தக்காரங்க கையெழுத்துப் போடணும். ஏம்மா, பேஷண்டுக்கு நீ இன்னா வேணும்?"

அவள் வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன். "சம்சாரம்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். புரியவில்லை. நர்ஸ் பெயரைச் சத்தமாகப் படித்து, "இவரு உன் வூட்டுக்காரருதானே?" என்று கேட்டபோதுதான் புரிந்தது.

"சார், இன்னா சார் இது? அவரு பேர ஏன் எழுதினீங்க?"

"அப்புறம் சொல்றேம்மா. மொதல்ல கையெழுத்துப் போடு."

"அவரு நல்லா கீறாரு சார் ஊர்ல. காப்புக் கட்டிகினு கீறாரு. அவரு பேரப் போட்டு இந்தக் கைய எழுதறீங்களே!"

"சீக்கிரம்மா" என்றாள் நர்ஸ். "ரத்தம் போய்க்கினே இருக்குது. உங்க சண்டைய அப்பால வச்சுக்கோங்க."

அவள் போட்டாள். உறவு என்ற கட்டத்தில் மனைவி என்று நான் எழுதிவைத்திருந்ததற்குப் பக்கத்தில், எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை என் கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைத்தாள்.

சாயங்காலம் நாலரை மணிக்கு மூன்றாவது ஆள் வந்து சேர்ந்தான். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருந்தது. எல்லை தாண்டி வந்துவிட்டான். நேராக வரவேற்பில் போய் மச்சான் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறான். அப்படி யாரும் இல்லை என்றார்கள். கை நசுங்கி வந்தவர் என்றதும் கம்ப்யூட்டரைப் பார்த்து ஒரு பெயரைச் சொன்னார்கள். என்னிடம் வந்து நின்றான்.

"சார், நான் உள்ள ஆபரேஷன்ல கீறனாம்."

என்னால் நிமிர முடியவில்லை. விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவன் என்னைத் திட்டவில்லை. அதுவே பெரிய தண்டனையாக இருந்தது. "பரவால்ல சார்" என்றான். "என் பேர்ல துட்டு வந்தா மச்சான்கிட்ட குடுத்துடறேன். எவனாவது வந்து கேட்டா நான் கைய மடக்கி சட்டைக்குள்ள வச்சுக்கறேன்." சிரிக்கப் பார்த்தான். அவன் மனைவி அவனைத் தோளில் ஓர் அடி அடித்துவிட்டு, "வாயக் கழுவுய்யா" என்று அழுதாள்.

இரவு எட்டு மணிக்கு மேல் டாக்டர் வெளியே வந்தார். கட்டை விரலைக் காப்பாற்றியாயிற்று, மற்ற நான்கும் போயிற்று என்றார். பிறகு கவலையோடு, "மயக்கம் தெளியற நேரம் ஆச்சு. பேர் சொல்லிக் கூப்பிட்டா அசைய மாட்டேங்கறாரு" என்றார். அவர்கள் கூப்பிட்டது அவன் பெயரே இல்லை. அக்கா எழுந்து ஓடினாள். நர்ஸ் தடுத்தும் நிற்கவில்லை. கதவுக்கு வெளியே என் காதில் விழுந்தது, அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லி, "டேய், அக்கா வந்துகிறேன்டா, கண்ணத் தொற" என்று அவள் கூப்பிட்டது. கண்ணைத் திறந்துவிட்டான். வெளியே வந்த நர்ஸ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அன்று இரவே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். நான் எண்ணிப் பார்த்தேன், மொத்தம் பத்தொன்பது நாள் எனக்குக் கிடைத்தது. அந்தப் பத்தொன்பது நாளும் கம்பெனியிலிருந்து விசாரணைக்கு ஆள் வருவதற்காகக் காத்திருந்தேன். க்ளெய்ம் பாரத்தில் மூன்றாவது பெயரை எழுதி, கீழே என் கையெழுத்தையும் போட்டிருந்தேன்.

வந்தவர் இளவயது, நீலச் சட்டை, மரியாதையான பேச்சு. கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார், ரோலரைப் படம் எடுத்தார், வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். என் கையெழுத்தைப் பாராட்டினார். "இந்த மாதிரி ரிஜிஸ்டர் வச்சிருக்கற சின்ன யூனிட்ட நான் பார்த்ததே இல்ல சார்." அடிபட்டவர் ஊரில் படுத்திருக்கிறார் என்று சொல்லி, மூன்றாவது ஆளை அந்த நாட்களெல்லாம் வேலைக்கு வராமல் நிறுத்தி வைத்திருந்தேன். அவன் மனைவியிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும் என்றார். அவளைக் கூப்பிட்டேன். துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"உக்காரும்மா. பயப்படாத. உங்க வீட்டுக்காரருக்குக் கை இப்ப எப்படி இருக்கு?"

"ஆறிகினு வருது."

"கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்?"

அவள் மறுபடியும் கையைப் புடவையில் துடைத்தாள்.

"பசங்க எத்தனை பேரு? சும்மா ரெக்கார்டுக்குத்தாம்மா."

அவள் என்னைப் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த ஆஸ்பத்திரி படிவத்தின் நகலைத்தான் பார்த்தாள். அதில் அவள் கையெழுத்து இருந்தது.

"அவன் என் தம்பி சார். கூடப் பொறந்தவன். இடுப்புல தூக்கிகினு திரிஞ்ச புள்ளய எனக்குப் புருஷன்னு எழுதிக் குடுத்துட்டேன். இதுக்கு மேல என்ன ஒண்ணும் கேக்காதீங்க."

எழுந்து போய்விட்டாள். விசாரணைக்காரர் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "சாரி சார்" என்றார் என்னிடம். எதற்கு அவர் மன்னிப்புக் கேட்டார் என்று இன்றுவரை தெரியவில்லை. மடிக்கும் மேஜையில் துண்டுகள் பாதியில் கிடந்தன. அவள் மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. அவள் புருஷனும் வேலைக்குத் திரும்பவில்லை. ரோலருக்குக் கொடுக்கும் ஆள் கிடைக்கவில்லை. நவம்பருக்குள் ஐந்து ரிசார்ட்டுகளில் நான்கு போய்விட்டன.

டிசம்பரில் மறுப்புக் கடிதம் வந்தது. காரணம் இரண்டு. ஒன்று, அடிபட்டவர் இணைப்பில் கண்ட ஆறு நபர்களில் இல்லை. இரண்டு, பொய்யான விவரம் தந்து க்ளெய்ம் செய்யப்பட்டது. கடிதத்தை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டில் ஒரு வக்கீலைப் பார்த்தேன்.

"முதல் காரணம் மட்டும் இருந்தா நான் சண்டை போட்டிருப்பேன் சார்" என்றார். "பதிலுக்கு வந்தவனும் உங்க வேலையத்தான் செஞ்சான், தலை எண்ணிக்கை அதே ஆறுன்னு வாதாட இடம் இருக்கு. ரெண்டாவதுக்கு நான் என்ன சொல்ல? ஆஸ்பத்திரி பாரம் உங்க கையால எழுதினது, க்ளெய்ம் பாரத்துலயும் உங்க கையெழுத்து. உண்மைப் பேரை எழுதியிருந்தா இந்தப் பணம் ஒருவேளை வந்திருக்கும்."

பொய் சொல்லாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பணம். இதற்குப் பிறகு அவர் பேசியதில் பாதி என் காதில் ஏறவில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒரு யோசனை சொன்னார்.

"அவன் தொழிலாளர் துறைல நஷ்ட ஈடு கேட்டுப் போட்டிருக்கற மனுவுக்கு ஒரு வழி இருக்கு. உங்க ரிஜிஸ்டர்ல அவன் பேரே கிடையாது. சம்பளம் குடுத்த கணக்கும் கிடையாது. அவன் நம்ம ஆளே இல்ல, அக்காவைப் பார்க்க வந்தவன் தானாப் போய் மிஷின்ல கைய விட்டான்னு சொல்லிடலாம். ரிஜிஸ்டரு அவ்வளவு சுத்தமா இருக்கு சார், யாரும் அசைக்க முடியாது."

நான் யோசிக்கவில்லை என்று எழுத ஆசைதான். பதினோரு நாள் யோசித்தேன். பிக்சட் டெபாசிட் பத்திரங்களை எடுத்து மேஜைமேல் பரப்பிப் பார்த்தேன். அவை போனால் எனக்கும் என் மனைவிக்கும் பென்ஷனைத் தவிர வேறில்லை. அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவன். பலகை அடிக்க வலது கை வேண்டும். இரண்டையும் எடை போட்டுக்கொண்டே இருந்தேன். என் பக்கம் தாழாதா என்று பார்த்தேன் என்பதுதான் உண்மை. என் மனைவி ஒரு நாள், "அந்தப் பொண்ணை ஒரு தடவை அப்படிச் சொல்ல வெச்சாச்சு. இப்ப அவ தம்பியை யாருன்னே தெரியாதுன்னு சொல்லப் போறீங்களா?" என்றாள்.

தொழிலாளர் துறை ஆபீசில் அதிகாரி கேட்டார். "இவர் உங்ககிட்ட வேலை செஞ்சாரா?"

அவன் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தான். வலது கை துண்டுக்குள் இருந்தது. அக்காவும் அவள் புருஷனும் இரண்டு பக்கமும். மூன்று பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"செஞ்சார்" என்றேன்.

"ரிஜிஸ்டர்ல இல்லையே."

"நான் எழுதல. அன்னிக்கு ரோலர்ல நிறுத்தினது நான்தான்."

உண்மையைச் சொன்னால் மனம் லேசாகும் என்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. நாற்காலியில் உட்காரும்போது இருந்த கனம் எழுந்திருக்கும்போதும் இருந்தது. அதிகாரி கால்குலேட்டரை எடுத்தார். நான் முந்தின நாளே போட்டுப் பார்த்திருந்தேன். நாளைக்கு ஐந்நூறு, இருபத்தாறு நாள், மாதச் சம்பளம் பதின்மூன்றாயிரம். அதில் அறுபது சதவீதம் ஏழாயிரத்து எண்ணூறு. முப்பத்து நான்கு வயதுக்குச் சட்டத்தில் உள்ள பெருக்கல் எண் 199.40. நான்கு விரலுக்கு ஐம்பது சதவீதம். அவர் சொல்வதற்குள் என் வாய் சொல்லிவிட்டது: ஏழு லட்சத்து எழுபத்தேழாயிரத்து அறுநூற்று அறுபது. அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். எதிர் வரிசையில் இருந்தவனும் அப்போதுதான் முதல் தடவையாக என்னைப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை. ஏதோ ஒரு ஜந்துவைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

ஒரு மாதத்துக்குள் கட்டியிருந்தால் வட்டி இல்லை. க்ளெய்ம் வரும் வரும் என்று காத்திருந்ததும் அதற்குப் பிறகு இழுத்ததும் சேர்த்து ஆறு மாதத் தாமதம், அதற்கு வட்டி வருஷத்துக்குப் பன்னிரண்டு சதவீதம். இயந்திரங்களை விற்றேன், டெபாசிட்டுகளை உடைத்தேன். 2025 மார்ச் 10, திங்கட்கிழமை, வரைவோலையைக் கட்டினேன். ரசீது போடும் மேஜையில் அவனைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். இடது கையில் பேனாவைப் பிடித்துப் பார்த்தான், வரவில்லை. எழுத்தர் மைப்பெட்டியைத் தள்ளினார். அக்கா அவன் இடது கட்டை விரலைப் பிடித்து மையில் அழுத்தி, அவன் பெயருக்கு நேரே வைத்தாள். நான் கதவோரம் நின்றிருந்தேன். போகும்போது மூன்று பேரும் என்னைக் கடந்துதான் போனார்கள். மூன்றாவது ஆள் மட்டும், "வரேன் சார்" என்றான்.

நஷ்ட ஈடு 7,77,660. வட்டி 46,660. ஆஸ்பத்திரி 2,31,480. வக்கீலுக்கு 15,000. மொத்தம் பத்து லட்சத்து எழுபதாயிரத்து எண்ணூறு ரூபாய்.